சேற்றில் முதல் சைக்ளோகிராஸ்: எந்த இடத்தில் ஓட்டுவது, எந்த இடத்தில் இறங்கி ஓடுவது?

முதல்சுற்று · ஞாயிறு, இரவு 9:10

எல்லோருக்கும் வணக்கம். இன்று என் முதல் சைக்ளோகிராஸ் பந்தயம் (புல், சேறு, மேடு, தடுப்பு என்று போகும் பாதையில், ஓட்ட முடியாத இடத்தில் இறங்கிச் சைக்கிளைச் சுமந்து ஓடும் பந்தயம்) முடிந்தது. குளித்து இரண்டு மணி நேரம் ஆகியும் நகக்கண்ணில் சேறு போகவில்லை, காதுக்குள்ளும் இருக்கிறது. கேள்வி கேட்கத்தான் வந்தேன், ஆனால் நடந்ததைச் சொல்லாமல் கேட்டால் சரியான பதில் கிடைக்காது என்று தோன்றுகிறது. அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு 26 வயது. இதற்கு முன் எந்த விளையாட்டிலும் போட்டியிட்டவன் இல்லை. இரண்டு மாதம் பயிற்சி செய்தேன், எல்லாமே காய்ந்த புல்தரையில். ஓடும் வண்டியிலிருந்து இறங்குவது, தடுப்புப் பலகையைத் தாண்டுவது, மறுபடி தாவி ஏறுவது எல்லாம் ஓரளவு கைவந்துவிட்டது என்று நம்பித்தான் பெயர் கொடுத்தேன். முந்தைய இரவு முழுக்க மழை. எங்கள் புதியவர் பிரிவுக்கு முன்னால் இரண்டு பந்தயங்கள் அதே பாதையில் நடந்து முடிந்திருந்தன, எங்கள் முறை வந்தபோது அது புல்வெளியாகவே இல்லை, உழுது போட்ட வயல் மாதிரி இருந்தது.

40 நிமிடப் பந்தயம், ஒரு சுற்று சுமார் இரண்டரை கிலோமீட்டர். கடைசி வரிசையில் நின்றேன். முதல் திருப்பத்தில் எல்லோரும் ஒரே இடத்தில் நெருக்கியதில் காலை ஊன்ற வேண்டியதாயிற்று, மறுபடி ஷூவைப் பெடலில் மாட்டினால் மாட்டவே இல்லை. ஷூவின் அடியில் பெடலோடு பூட்டிக்கொள்ளும் க்ளீட் முழுக்க மண். கிட்டத்தட்ட அரைச் சுற்று ஒற்றைக் காலை மாட்டியபடிதான் ஓட்டினேன்.

அப்புறம் ஒரு மேட்டின் குறுக்கே போகும் சரிவு. பாதை நேராகத்தான் போகிறது, ஆனால் தரை ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. அதில் ஒவ்வொரு சுற்றும் பின்சக்கரம் கீழ்ப்பக்கமாக வழுக்கி எல்லை நாடாவில் போய் விழுந்தேன். அதைத் தாண்டினால் ஒரு 40 மீட்டர் ஏற்றம். என் கேள்வியே இந்த ஏற்றத்தைப் பற்றித்தான். எப்படியாவது ஓட்டியே ஏறிவிட வேண்டும் என்று ஒவ்வொரு சுற்றும் முயன்றேன். முக்கால்வாசி தூரம் போனதும் பின்சக்கரம் இருந்த இடத்திலேயே சுற்றும், வண்டி நின்றுவிடும், அங்கே இறங்கினால் கால் வழுக்கும், வண்டியைத் தள்ளினால் நகராது. எனக்குப் பின்னால் வந்தவர்கள் அடியிலேயே இறங்கி, வண்டியைத் தோளில் போட்டுக்கொண்டு என்னைத் தாண்டி ஓடினார்கள். சரி, ஓடுவதுதான் வழி என்று நினைத்தால், வேறு இரண்டு மூன்று பேர் அதே ஏற்றத்தை ஓட்டிக்கொண்டே ஏறினார்கள்!

நான்காவது சுற்றின் பாதியில் பெடல் திடீரென்று கனத்தது. அழுத்தி மிதித்தேன். சடக்கென்று ஒரு சத்தம். கியர் மாற்றும் பின் டெரெய்லரைச் சட்டகத்தோடு பிடித்திருக்கும் ஹேங்கர் முறிந்து, டெரெய்லர் சக்கரக் கம்பிகளுக்குள் போய்விட்டது, அதன் பல்சக்கரங்களில் புல் கயிறு மாதிரி சுற்றியிருந்தது. மிச்சமிருந்த ஒரு கிலோமீட்டருக்கும் மேலான தூரத்தை வண்டியைச் சுமந்துகொண்டே ஓடியும் நடந்தும் முடித்தேன். கடைசியிலிருந்து மூன்றாவது இடம். யாரென்றே தெரியாத மனிதர்கள் நாடா ஓரம் நின்று கடைசி வரை கைதட்டினார்கள், அதை நினைத்தால் இப்போதும் தொண்டை அடைக்கிறது. என் வாழ்க்கையில் எந்த 40 நிமிடத்தையும் இவ்வளவு விரும்பிச் செலவழித்ததில்லை.

வண்டி விவரம்: அலுமினிய சைக்ளோகிராஸ் வண்டி, டிஸ்க் பிரேக், முன்னால் ஒரே பல்சக்கரம் 40 பல், பின்னால் 11 முதல் 32 பல் வரை. டயர் 33 மி.மீ., நடுத்தர பட்டன் (டயரின் மேல் புடைத்திருக்கும் ரப்பர் முனைகள்), உள்ளே ட்யூப். காற்றழுத்தம் 45 பி.எஸ்.ஐ. வைத்திருந்தேன். என் எடை 72 கிலோ. அடுத்த பந்தயம் மூன்று வாரத்தில், அன்றும் மழை இருக்கும் போலிருக்கிறது. ஓட்டுவதா ஓடுவதா என்பதை நீங்கள் எப்படி முடிவு செய்கிறீர்கள்? என் தவறு வண்டியிலா, என்னிடமா?

பழையசேறு · ஞாயிறு, இரவு 10:02

தம்பி, முதலில் கையைக் கொடுங்கள். டெரெய்லர் போன பிறகும் ஒரு கிலோமீட்டர் சுமந்து முடித்திருக்கிறீர்கள். நான் இந்தப் பக்கம் 19 வருடமாக இருக்கிறேன், அந்த நிலையில் நாடாவைத் தாண்டி வெளியே நடந்து போனவர்களைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

உங்கள் கதையில் என் கண்ணில் முதலில் பட்டது 45 பி.எஸ்.ஐ. அது காய்ந்த கல்பாதைக்கே அதிகம். சரிவில் வழுக்கியதில் பாதி, ஏற்றத்தில் சக்கரம் சும்மா சுற்றியதில் பாதி அந்தக் காற்றால்தான் என்று என்னால் தைரியமாகச் சொல்ல முடியும். டயர் கல் மாதிரி இறுகியிருந்தால் தரையில் ஒரு விரல் அகலம்தான் படும், பட்டன்கள் மண்ணைக் கவ்வாது. காற்றைக் குறைத்தால் டயர் தரையின் மேடு பள்ளத்துக்கு ஏற்பத் தானே மடங்கிக் கொடுக்கும்.

உங்கள் எடைக்கு, உள்ளே ட்யூப் இருப்பதால், முன்னால் 28, பின்னால் 30 என்று தொடங்குங்கள். அதற்கும் கீழே போனால் வேரிலோ கல்லிலோ மோதும்போது ட்யூப் ரிம்முக்கும் தரைக்கும் நடுவே நசுங்கி பஞ்சராகும். உள்ளே ட்யூப் இல்லாத ட்யூப்லெஸ் டயருக்கு மாறினால் அந்தப் பயம் இல்லை, 22 முதல் 25 வரை தாராளமாகப் போகலாம். ரிம்மில் ஒட்டும் ட்யூபுலர் டயர் போடும் பெரிய வீரர்கள் கடும் சேற்றில் 20 பி.எஸ்.ஐ.க்கும் கீழே இறக்குவார்கள். சரியான காற்றை எப்படிக் கண்டுபிடிப்பது? பயிற்சிச் சுற்றில் இரண்டிரண்டாகக் குறைத்துக்கொண்டே போங்கள். மோசமான இடத்தில் ரிம் லேசாக தட்டுகிற மாதிரி ஒரு உணர்வு வரும், அதிலிருந்து ஒன்று இரண்டு கூட்டி நிறுத்திவிடுங்கள். தரைப் பம்பில் இருக்கும் முள்ளை இந்த அளவுகளில் நம்ப வேண்டாம், குறைந்த அழுத்தத்துக்கென்று தனி கேஜ் விற்கிறார்கள், அதை ஒன்று வாங்கிவிடுங்கள். இந்த விளையாட்டில் இதைவிடப் பயனுள்ள சின்னப் பொருள் வேறு இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இறங்கி ஓடியவர்களைப் பார்த்து உங்களுக்குக் குழப்பம் வந்திருக்கிறது. இந்த விளையாட்டு பிறந்ததே அப்படித்தான். குளிர்காலத்தில் உடம்பு இறுகிப்போகாமல் இருக்க வயல், வேலி, ஓடை எல்லாவற்றையும் வண்டியோடு தாண்டிப் போனவர்களின் விளையாட்டு இது. பிரான்சில் முதல் தேசியப் பந்தயம் 1902-லேயே நடந்தது. 1910-ல் டூர் டி பிரான்ஸ் வென்ற ஆக்டேவ் லாப்பீஸ், தன் வெற்றிக்கு இந்தக் குளிர்காலப் பழக்கமும் ஒரு காரணம் என்று சொன்ன பிறகுதான் மற்ற நாடுகளும் திரும்பிப் பார்த்தன. ஆகவே ஓட்டம் இதற்குள்ளேயே இருக்கிறது. இறங்கினால் தோற்றுவிட்டோம் என்ற நினைப்பை முதலில் விட்டுவிடுங்கள்.

தோள்வண்டி · ஞாயிறு, இரவு 11:25

பழையசேறு அண்ணன் சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். நான் ஏற்றத்துக்கு மட்டும் வருகிறேன், ஏனென்றால் நீங்கள் கேட்ட கேள்விதான் சேற்றுப் பந்தயத்தின் உயிர்.

உங்களுக்கு இரண்டு வழி இருந்ததாக எழுதியிருக்கிறீர்கள், ஒன்று ஓட்டுவது, இன்னொன்று ஓடுவது. நீங்கள் செய்தது இரண்டும் இல்லை. ஓட்டிப் போய், நின்று, நின்ற இடத்தில் இறங்கி, அங்கிருந்து தள்ளுவது என்பது மூன்றாவது வழி, அதுதான் எல்லாவற்றிலும் மெதுவானது. ஓட்டிய வேகமும் போச்சு, ஓடுவதற்கான வேகமும் இல்லை, நிற்கிற இடமோ ஏற்றத்திலேயே வழுக்கலான இடம். வண்டியில் இன்னும் வேகம் மிச்சமிருக்கும்போதே இறங்குங்கள், அந்த வேகம் உங்கள் கால்களுக்கு அப்படியே வந்துசேரும். அதனால்தான் பின்னால் வந்தவர்கள் அடியிலேயே இறங்கினார்கள். அவர்களில் சிலருக்கு உங்களைவிட ஓட்டத் தெரிந்திருக்கும், ஆனாலும் இறங்கியிருப்பார்கள்.

முடிவை ஏற்றத்தின் நடுவில் எடுக்கக் கூடாது. பயிற்சிச் சுற்றில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள், ஒருமுறை ஓடிப் பாருங்கள், கைக்கடிகாரத்தில் நேரம் பாருங்கள். நடக்கும் வேகத்துக்கு வண்டி இறங்கிவிடும் என்று தெரிந்தால் ஓட்டுவதில் லாபம் கிடையாது. இரண்டும் ஒரே நேரம் என்றால்? நான் ஓடுவேன். சேற்றில் ஓட்டும்போது வண்டி மண்ணை அள்ளிக்கொள்கிறது, தோளில் இருக்கும் வண்டி அள்ளுவதில்லை, அந்த ஏற்றத்துக்கு அடுத்த நூறு மீட்டரில் அந்த வித்தியாசம் தெரியும். உங்கள் ஹேங்கர் முறிந்ததற்கும் இதற்கும் தொடர்பு இருக்கிறது என்று நினைக்கிறேன், நான்கு முறை அந்த ஏற்றத்தின் மண்ணைப் பின்சக்கரத்தால் கிளறியிருக்கிறீர்கள்.

அப்புறம் சேற்றின் பதம். எல்லாச் சேறும் ஒன்றில்லை. மழை பெய்துகொண்டிருக்கும்போது கூழாக இருக்கும் சேறு உண்மையில் நல்ல சேறு, தெறிக்கும், ஆனால் ஒட்டாது, வண்டி ஓடிக்கொண்டே இருக்கும். மழை நின்று ஒரு மணி இரண்டு மணி வெயிலோ காற்றோ பட்ட பிறகு வரும் பிசுபிசுப் பதம் இருக்கிறதே, அதுதான் ஆளைக் கொல்வது. சக்கரம் ஒரு சுற்று சுற்றுவதற்குள் ஃபோர்க்கில் அடைத்துக்கொள்ளும். நீங்கள் மூன்றாவது பந்தயமாக ஓடியிருக்கிறீர்கள், அதற்குள் அது அந்தப் பதத்துக்கு வந்திருக்கும். முதல் சுற்றில் ஓட்ட முடிந்த இடம் நான்காவது சுற்றில் ஓட்ட முடியாததாக மாறும், சில நேரம் மாறியும் நடக்கும், பத்துப் பேர் போன தடம் அடியில் கெட்டித் தரையைத் தொட்டுவிட்டால் அது திடீரென்று நல்ல தடமாகிவிடும். ஓட்டி ஏறிய அந்த இரண்டு மூன்று பேரை நினைத்துப் பாருங்கள், அவர்கள் எந்த ஓரமாகப் போனார்கள்? எல்லையை ஒட்டி, நாடாவுக்குக் கீழே, யாரும் மிதிக்காத புல் ஒரு முழ அகலத்துக்கு மிச்சமிருக்கும். புல்லின் வேர் மண்ணைப் பிடித்துக்கொண்டிருக்கும், பட்டனுக்குப் பிடி கிடைக்கும்.

சுமப்பது பற்றி: வலது கையால் கீழ்க்குழாயைப் பிடித்துத் தூக்கி, மேல்குழாயை வலது தோளில் போடுங்கள், பிறகு அதே கையைக் கீழ்க்குழாய்க்கு அடியில் விட்டு முன்பக்கமாக வளைத்து ஹேண்டில்பாரின் இடது கொம்பைப் பிடியுங்கள். வண்டி உடம்போடு ஒட்டிக்கொள்ளும், முன்சக்கரம் ஆடாது, இடது கை வீசி ஓட முடியும். தண்ணீர் பாட்டில் கூட்டைக் கழற்றிவிடுங்கள், அது இருந்தால் தோளில் உட்காராது. 40 நிமிடத்துக்குத் தண்ணீர் வேண்டியதில்லை. ஏற்றத்தில் குதிகால் ஊன்றாமல் முன்பாதத்தால் சின்னச் சின்ன அடியாக வையுங்கள். ஷூவின் முனையில் இரண்டு ஆணி போடும் துளை இருக்கும், உங்கள் ஷூவில் இருக்கிறதா பாருங்கள், சேற்றில் அந்த ஆணிகள் இல்லாமல் ஓடுவது வீண் பாடு.

பணிமனை_ஆள் · திங்கள், காலை 7:48

ஹேங்கர் பற்றி மட்டும் சொல்கிறேன்.

அது முறிந்தது நல்லது. முறிவதற்காகவே மெல்லிய அலுமினியத்தில் செய்து வைத்திருக்கிறார்கள். அது முறியாவிட்டால் டெரெய்லரோ சட்டகமோ போயிருக்கும். ஒவ்வொரு வண்டிக்கும் அதன் வடிவம் வேறு வேறு, பொதுவான ஒன்று கிடையாது. உங்கள் மாடலுக்கானதை இரண்டாக வாங்குங்கள், ஒன்றை இப்போது மாட்டுங்கள், ஒன்று எப்போதும் பையில் இருக்கட்டும். டெரெய்லரின் கூண்டு வளைந்திருக்கிறதா, பின்சக்கரத்தில் கம்பி எதுவும் வெட்டுப்பட்டிருக்கிறதா என்பதையும் பாருங்கள். வெட்டுப்பட்ட கம்பி இன்னொரு நாள் ஓட்டும்போது அறுந்து போகும்.

ஏன் முறிந்தது என்பதை நீங்களே எழுதிவிட்டீர்கள்: "பெடல் திடீரென்று கனத்தது. அழுத்தி மிதித்தேன்." பெடல் கனத்தால் அது வண்டி உங்களிடம் நிறுத்தச் சொல்வது. புல் பல்சக்கரத்தில் சுற்றிச் சங்கிலி நகர முடியாமல் போனால் நீங்கள் மிதிக்கும் பலம் முழுக்க டெரெய்லரை முன்னால் இழுக்கிறது. இறங்குங்கள், விரலால் புல்லைப் பிடுங்கி எறியுங்கள், 15 நொடி ஆகும். அந்த 15 நொடியை மிச்சம் பிடிக்கப் போனால் என்ன ஆகும் என்று பார்த்துவிட்டீர்கள்.

வேறு சில பழக்கங்கள். சேற்றுக்குள் நுழைவதற்கு முன்பே கியரை மாற்றி முடித்துவிடுங்கள், உள்ளே போய் அழுத்தத்தோடு மாற்றாதீர்கள். பெடலைப் பின்னோக்கிச் சுற்றாதீர்கள், மண் பிடித்த சங்கிலி அப்போதுதான் கழன்று விழும். பாதையில் நீர் தேங்கிய குட்டை இருந்தால் அதன் நடுவே போங்கள், வண்டி இலவசமாகக் கழுவப்படும். பந்தயத்துக்கு முன் சட்டகத்தின் அடிப்பக்கம், ஃபோர்க், பெடல் இவற்றில் சிலிக்கோன் ஸ்ப்ரே அடித்தால் மண் கொஞ்ச நேரம் ஒட்டாது. டிஸ்க் மேல் ஒரு துளி பட்டாலும் பிரேக் பிடிக்காது, துணியால் மூடிவிட்டு அடியுங்கள்.

பிரேக் பேடை இன்றே கழற்றிப் பாருங்கள். மணல் கலந்த சேற்றில் ரெசின் (பிசின் கலவை) பேட் ஒரே பந்தயத்தில் தேய்ந்து இரும்புத் தகடு வரை போவதைப் பார்த்திருக்கிறேன். சின்டர்டு (உலோகத் தூளில் செய்த) பேட் இன்னும் நீடிக்கும்.

டயர் அகலம்: உலக சைக்கிள் சம்மேளனமான யூ.சி.ஐ.யின் விதிப்படி 33 மி.மீ. தான் உச்சம். சின்னப் பந்தயங்களில் அதை அளப்பதில்லை என்று சிலர் 38, 40 போடுகிறார்கள். ஒட்டும் சேற்றில் அது தப்புக் கணக்கு. டயருக்கும் சட்டகத்துக்கும் இடையே இருக்கும் இடைவெளிதான் உங்களைக் காப்பாற்றும், அதை டயரால் நிரப்பக் கூடாது. 33-லேயே இருங்கள், பட்டன் உயரமாகவும் இடைவெளி விட்டும் இருக்கும் சேற்று டயருக்கு மாறுங்கள். நெருக்கமான பட்டன் மண்ணைப் பிடித்துக்கொண்டு வழவழப்பாகிவிடும்.

பெரிய பந்தயங்களில் அரைச் சுற்றுக்கு ஒருமுறை பாதையோரம் வண்டி மாற்றும் இடமான பிட்டில் வண்டியை மாற்றிக்கொள்கிறார்கள், அழுக்கு வண்டியை உதவியாளர் கழுவித் தயாராக வைக்கிறார். நம்மைப் போல ஒற்றை வண்டி வைத்திருப்பவருக்கு அந்த வசதி இல்லை, அதனால்தான் வண்டியிடம் இரக்கம் காட்டச் சொல்கிறேன். ஒரு ஜோடி உபரிச் சக்கரத்தையாவது பிட்டில் வையுங்கள். பிட் நுழைவைத் தாண்டிப் போய்விட்டால் பின்னோக்கித் திரும்பி வரக் கூடாது, பாதையிலேயே முன்னோக்கி அடுத்த பிட் வரை போக வேண்டும், இதையும் நினைவில் வையுங்கள்.

கழுவும்போது பீய்ச்சும் நீரை ஹெட்செட் (ஹேண்டில் திரும்பும் பேரிங்), பாட்டம் பிராக்கெட் (பெடல் அச்சின் பேரிங்), சக்கர அச்சு இவற்றில் நேராக அடிக்காதீர்கள். சீட் போஸ்டைக் கழற்றி வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பாருங்கள், உள்ளே எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும்.

குறுக்குச்சரிவு · திங்கள், மதியம் 1:15

தோள்வண்டி சொல்வதில் எனக்கு ஒரு சின்ன மாறுபாடு. நேரம் பார்த்து ஓடு என்பது பந்தய நாளுக்குச் சரி. ஆனால் ஒரு புதியவரிடம் "சந்தேகம் வந்தால் ஓடு" என்று சொன்னால், அவர் எல்லா இடத்திலும் ஓடப் பழகிவிடுவார், ஓட்டக் கற்றுக்கொள்ளவே மாட்டார். நான் என் முதல் இரண்டு வருடத்தை அப்படித்தான் தொலைத்தேன். நான் ஓடுவதில் கெட்டிக்காரி, பள்ளியிலிருந்தே ஓடியவள், அதனால் சேறு என்றாலே இறங்கிவிடுவேன். மூன்றாம் வருடம் எல்லோரும் ஓட்டிப்போகிற இடத்திலும் நான் மட்டும் ஓடிக்கொண்டிருந்தேன். பாதையில் குறைந்தது 90 சதவீதம் ஓட்டக்கூடியதாக இருக்க வேண்டும் என்பது விதி. மீதியில்தான் ஓட்டம்.

ஆகவே பயிற்சியில் ஓட்டுங்கள், விழுங்கள், மறுபடி ஓட்டுங்கள். சேற்று ஏற்றத்தில் சீட்டில் உட்கார்ந்தே மிதியுங்கள், எழுந்து நின்றால் பின்சக்கரத்தின் மேலிருக்கும் எடை போய்விடும், அப்போதுதான் அது சும்மா சுற்றும். மிகவும் லேசான கியரும் வேண்டாம், ஒவ்வொரு மிதியிலும் சக்கரம் வெட்டி வழுக்கும். ஒரு படி கனமாக வைத்து, அடியிலிருந்தே வேகத்தைக் கொண்டுவந்து, உருட்டினாற்போல மிதியுங்கள்.

நீங்கள் ஒவ்வொரு சுற்றும் நாடாவில் போய் விழுந்த அந்தச் சரிவுக்கு நம் ஆட்கள் ஆஃப் கேம்பர் என்பார்கள், என் பெயரே அதிலிருந்து வைத்ததுதான். எனக்கு மிகப் பிடித்த இடம், மிகவும் பயந்த இடமும் அதுவே. முடிந்த அளவு மேலே ஏறி நுழையுங்கள், எப்படியும் கீழே இறங்கத்தான் போகிறீர்கள், இறங்குவதற்கு இடம் வைத்துக்கொண்டு நுழைய வேண்டும். கீழ்ப்பக்கக் காலின் பெடலைக் கீழே வைத்து உடம்பின் பாரத்தை அதில் போடுங்கள். மேல்பக்கக் காலைப் பெடலிலிருந்து விடுவித்து, தேவைப்பட்டால் ஊன்றத் தயாராக வையுங்கள். பிரேக்கைத் தொடவே கூடாது, பிடிக்க வேண்டியதை நுழைவதற்கு முன்பே பிடித்து முடித்துவிட வேண்டும். முக்கியமாக, நாடாவைப் பார்க்காதீர்கள். எங்கே பார்க்கிறீர்களோ அங்கேதான் வண்டி போகும். சரிவு முடியும் இடத்தில் கண்ணை வையுங்கள், முழங்கையை இறுக்காதீர்கள், பின்சக்கரம் லேசாக வழுக்கினால் வழுக்கட்டும், அது தானாக ஒரு பிடியைக் கண்டுபிடித்துக்கொள்ளும். நாம் பதறி ஹேண்டிலை வெட்டும்போதுதான் விழுகிறோம். பள்ளமாகத் தடம் விழுந்திருந்தால் அதற்குள்ளேயே இருங்கள், பாதி வழியில் வெளியே வரப் பார்க்காதீர்கள்.

எட்டு முறை உலகச் சாம்பியனான மரியான் வோஸ் சேற்றில் ஓட்டும் பந்தயக் காட்சிகளைத் தேடிப் பாருங்கள். பெல்ஜியத்தின் நமூர் கோட்டையில் நடந்த உலகக் கோப்பைப் பந்தயங்களையும் பாருங்கள், அங்கே ஒரு நீண்ட குறுக்குச் சரிவு இருக்கிறது. உலகின் முதல் வரிசை ஆட்களே அதில் ஒருவர் ஓட்டுவார், ஒருவர் ஒற்றைக் காலை ஊன்றிப் போவார், ஒருவர் இறங்கி ஓடுவார். நான் அந்தக் காட்சிகளைச் சத்தத்தை அணைத்துவிட்டு, அவர்கள் தலை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதை மட்டும் பார்ப்பேன்.

தோள்வண்டி · திங்கள், மதியம் 2:40

குறுக்குச்சரிவு சொல்வது நியாயம், ஏற்றுக்கொள்கிறேன். பயிற்சிக்கும் பந்தயத்துக்கும் நான் பிரித்துச் சொல்லியிருக்க வேண்டும். பந்தயத்தில் நேரத்தைக் கேளுங்கள், பயிற்சியில் பிடிவாதமாக ஓட்டுங்கள். ஆனால் ஒன்று, பயிற்சியில் கூட நின்ற பிறகு இறங்காதீர்கள். வேகம் செத்துப்போகும் அந்தக் கணத்துக்கு ஒரு நொடி முன்னால் இறங்கும் பழக்கம் தனியாக வர வேண்டும், அது ஓட்டத் தெரிந்தவருக்கும் தேவைப்படும்.

மழைமேகம் · திங்கள், இரவு 8:30

க்ளீட் மாட்டாதது பற்றி யாரும் சொல்லவில்லை. ஷூவின் பக்கவாட்டைப் பெடலில் ஓங்கி இரண்டு தட்டு தட்டுங்கள், மண் விழுந்துவிடும். மாட்டாவிட்டால் மாட்டாமலே மிதித்துக்கொண்டு போங்கள், குனிந்து பார்த்துக்கொண்டிருந்தால்தான் விழுவோம். நான் எஸ்.பி.டி. வகைப் பெடலிலிருந்து க்ராங்க் பிரதர்ஸ் நிறுவனத்தின் எக்பீட்டர் பெடலுக்கு மாறினேன், நான்கு பக்கமும் மாட்டலாம், நடுவில் மண் தங்க இடமில்லை. இரண்டும் நல்லவையே, உங்களிடம் இருப்பதை வைத்தே இந்தப் பருவத்தை முடியுங்கள், க்ளீட்டைச் சுற்றி ஷூவின் ரப்பர் நெருக்கமாக இருந்தால் கத்தியால் கொஞ்சம் செதுக்கிவிடுங்கள், அதுவே போதும்.

இன்னொன்று, சிரிக்காமல் கேளுங்கள். சேறு வாய்க்குள் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மாடு, குதிரை மேய்ந்த நிலத்தில் பாதை போட்டிருந்தால் அந்தச் சேற்றில் சாணமும் கலந்திருக்கும். 2007-ல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் சேற்றில் நடந்த ஒரு மலைச் சைக்கிள் பந்தயத்துக்குப் பிறகு ஏராளமான வீரர்களுக்கு கேம்பிலோபேக்டர் கிருமியால் வயிற்றுப்போக்கு வந்தது. முடிந்ததும் முதல் வேலையாக நல்ல தண்ணீரில் வாயும் கையும் கழுவிவிட்டு அப்புறம் சாப்பிடுங்கள். கண்ணாடி போட்டுக்கொண்டு தொடங்குங்கள், முதல் சுற்றில்தான் முன்னால் போகிறவரின் சக்கரத்திலிருந்து அதிகம் தெறிக்கும், அப்புறம் கண்ணாடி மங்கிவிட்டால் கழற்றிப் பின்பையில் போட்டுக்கொள்ளலாம். கண்ணில் மண் விழுந்தால் தேய்க்காதீர்கள், தண்ணீர் விட்டு அலசுங்கள்.

முதல்சுற்று · அடுத்த ஞாயிறு, மாலை 6:20

ஒரு வாரமாக ஒவ்வொரு பதிலையும் பலமுறை படித்துவிட்டேன். இவ்வளவு நேரம் ஒதுக்கி எழுதிய எல்லோருக்கும் நன்றி.

பேடைக் கழற்றிப் பார்த்தேன், பணிமனை_ஆள் அண்ணா, பின்னால் இருந்த ஒன்று ஏறக்குறைய தகடு வரை தேய்ந்திருந்தது. நீங்கள் சொல்லாவிட்டால் அப்படியே ஓட்டியிருப்பேன். கம்பிகளில் இரண்டில் வெட்டு இருந்தது, மாற்றிவிட்டேன். சீட் போஸ்டைக் கழற்றிக் கவிழ்த்தபோது கால் டம்ளர் பழுப்புத் தண்ணீர் கொட்டியது.

நேற்று மழை விட்ட பிறகு 28-30 காற்றோடு ஒரு ஈரமான மேட்டுக்குப் போனேன். அதே டயர், அதே நான், ஆனால் வேறு வண்டியில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. குறுக்குச் சரிவில் பத்து முறை போனேன், ஆறு முறை விழாமல் கடந்தேன். விழுந்த நான்கு முறையும் கீழே பார்த்திருந்தேன் என்பது எனக்கே தெரிந்தது. ஏற்றத்தில் நேரம் பார்த்தேன். ஓட்டி, நின்று, இறங்கித் தள்ளியது 34 நொடி. அடியிலேயே இறங்கித் தோளில் போட்டு ஓடியது 25. ஓரப் புல்லில் உட்கார்ந்தபடியே ஓட்டி மேலே போனது 21, ஆனால் ஐந்து முயற்சியில் இரண்டு முறைதான் அது வாய்த்தது. அதாவது தோள்வண்டி அண்ணா சொன்னதும் சரி, குறுக்குச்சரிவு அக்கா சொன்னதும் சரி. அடுத்த பந்தயத்தில் முதல் சுற்று ஓரப் புல் எப்படி இருக்கிறது என்று பார்ப்பேன், அது கிளறப்பட்டதும் ஓட்டத்துக்கு மாறிவிடுவதாக முடிவு செய்திருக்கிறேன்.

ஒரே ஒரு சந்தேகம். ஓடி முடித்து மேலே போனதும் மறுபடி ஏறும்போது சீட்டில் தாவ பயமாக இருக்கிறது, இரண்டு மூன்று முறை தத்தித் தத்திக் குதித்துத்தான் ஏறுகிறேன். மூச்சும் அப்போது அடங்கியிருக்காது.

குறுக்குச்சரிவு · அடுத்த ஞாயிறு, இரவு 7:05

அந்தத் தத்தல் எல்லோருக்கும் வரும். வண்டியைக் கீழே வைக்கும்போது மெதுவாக வையுங்கள், போட்டால் சங்கிலி கழலும். இரண்டு கையையும் ஹேண்டிலில் வைத்து, ஓட்டத்தை நிறுத்தாமல் இடது காலால் உந்துங்கள். மேல்நோக்கிக் குதிக்காதீர்கள், முன்னோக்கிப் போங்கள். வலது தொடையின் உட்புறம் முதலில் சீட்டில் பட வேண்டும், பட்டதும் சறுக்கிக்கொண்டு நடுவுக்கு வந்துவிடலாம், நேராக அதன் மேல் உட்கார முயன்றால்தான் வலிக்கும். காய்ந்த புல்லில், நடக்கும் வேகத்தில், தினம் இருபது முறை. ஒரு வாரத்தில் தத்தல் போய்விடும். ஏற்றத்தின் விளிம்பிலேயே ஏற வேண்டும் என்றும் இல்லை, இன்னும் நான்கு அடி ஓடி, தரை சமமான பிறகு ஏறுங்கள்.

முதல்சுற்று · அடுத்த ஞாயிறு, இரவு 7:31

நாளை காலையே தொடங்குகிறேன், அக்கா. ஹேங்கர் இரண்டு வந்துவிட்டது. ஒன்றை மாட்டிவிட்டேன், இன்னொன்றை டேப் போட்டுப் பந்தயப் பையின் உள்பக்கமே ஒட்டி வைத்திருக்கிறேன்.